முடிச்சுப் போடாத துண்டு

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு நாற்காலி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த நாற்காலி அது. பக்கவாதம் வந்தவர்கள், தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இவர்களை உட்காரவைத்து, கை எதுவரைக்கும் எட்டுகிறது என்று அளந்து சொல்வதுதான் எங்கள் வேலை. ஜெர்மனியில், மழையும் பேக்கரிகளும் மட்டும் குறைவில்லாமல் இருக்கிற ஒரு சின்ன ஊரில், பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கையை அளக்கும்போது மார்பு அசையக் கூடாது. அதற்கு ஒரு பட்டை உண்டு. பழைய நாற்காலியில் நாங்களே குனிந்து மாட்டவேண்டும். புதியதில் பொத்தானை அழுத்தினால் போதும், பட்டை தானாக வந்து மார்பைச் சுற்றி இறுகும்.

முதலில் யாரையாவது உட்காரவைத்துப் பார்க்கவேண்டுமே. உடன் வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் உல்ரிக்கே என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்தொன்பது வயது, தொப்பை, படியேறினால் மூச்சு. சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு அந்தக் கட்டடத்தில் கிடையாது. உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

பட்டை வந்தது. மார்பைத் தொட்டது. இறுகியது.

"அவுத்துவுடு! அவுத்துவுடு! நான் உசுரோடதான் இருக்கேன்!"

கத்தியது நான்தான். அதுவும் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சுத்தமான ஒலக்கூர்த் தமிழில். அறையில் இருந்த ஆறு ஜெர்மானியர்களும் உறைந்து நின்றார்கள். ஒருவர் பாய்ந்து அவசரப் பொத்தானை அழுத்தினார். நான் எழுந்து ஓடிக் கதவைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு பீரோவைத் திறந்துவிட்டேன். அங்கே அடுக்கியிருந்த துவாலைகளைப் பார்த்து இன்னொரு தடவை கத்தினேன்.

உல்ரிக்கே தண்ணீர் கொடுத்தாள். பிறகு படிவத்தை நிரப்பினாள். இங்கே என்ன நடந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்தது படிவம். அதில் அவள் எழுதியது: "சோதனைக்கு அமர்ந்தவர் லேசான அசௌகரியம் தெரிவித்தார்."

ஏன் கத்தினேன் என்பதை அவளுக்குச் சொல்லப் பார்த்தேன். ஜெர்மன் வினைச்சொல்லெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, விஷயம்தான் வரவில்லை. உங்களிடம் சொன்னால் புரியும். இந்த ஆடியோடு என் அண்ணன் கை விழுந்து ஒரு வருடம் ஆகிறது.

2

அண்ணன் பெயர் ஏழுமலை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஒலக்கூர் பக்கத்தில் இரண்டரை ஏக்கர், ஒரு போர்வெல், வருடத்துக்கு ஒரு தடவை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தண்ணீர் இருந்தால் கொஞ்சம் நெல். போன ஆடியில் கொல்லைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது மண்வெட்டி கையிலிருந்து நழுவியிருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. பக்கவாதம். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியதில் உயிர் மிஞ்சியது. ஒரு மாதத்தில் கால் ஓரளவு வந்தது. பேச்சும் வந்தது, பழைய வாய்த்துடுக்கோடு. வலது கை மட்டும், யாரோ அவர் தோளில் மாட்டிவிட்டுப் போன பை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு போன் செய்தார்.

"டேய் குமாரு, நீ அங்க இந்தக் கை வேலதான பண்ணிக்கினு இருக்க?"

"ஆமாண்ணா. தோளு, கை, இதாண்ணா."

"மம்ட்டி புடிக்கணும்னு கேக்கல. வண்டி ஓட்டணும்னும் கேக்கல. என் சோத்துக் கையால ஒரு வாய் சோறு துன்னணும். அவ்ளோதான். ஆவுமா, ஆவாதா?"

"ஆவும்ணா."

யோசிக்காமல் சொன்னேன். போனை வைத்துவிட்டுத்தான் யோசித்தேன். பதறினால் நான் இரண்டு காரியம் செய்வேன்: ஜோக் அடிப்பேன், இல்லையென்றால் கணினியைத் திறப்பேன். அன்றைக்கு இரண்டையும் செய்தேன்.

ஊருக்கு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் அலுவலகத்தின் அவசர விடுப்புப் படிவத்தில் நோயாளி யாரென்று தேர்ந்தெடுக்க நான்கு கட்டம் இருந்தது. மனைவி, பிள்ளை, தாய், தகப்பன். அண்ணனுக்குக் கட்டம் இல்லை. "அப்பா செத்தப்புறம் அண்ணன்தான் அப்பா" என்று படிவத்தை வாங்கிய அம்மாளிடம் விளக்கினேன். அவர் பரிவோடு கேட்டார்: "அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா?" விடுப்பை விடுங்கள், என் குடியிருப்பு அட்டையே புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சந்தேகம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, அட்டை கொடுக்கிற அலுவலகத்திலிருந்து மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் கேள்வி வந்து சேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது.

ஆகவே நான் இங்கிருந்தபடியே அண்ணனைக் குணப்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

3

தோளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

முழங்கை கதவுக்கீல் மாதிரி, ஒரு பக்கம்தான் மடங்கும். தோள் அப்படி இல்லை. கை மேலே போகும்போது பந்துக் கிண்ணத்தில் எலும்பு உருளுகிறது, முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பு விலாமீது வழுக்கிக்கொண்டு சுழல்கிறது, முன்பக்கம் கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பு தூக்கிக் கொடுக்கிறது. மூன்றும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும். நாங்கள் இதைக் கணினிக்குள் கம்புகளாகவும் கீல்களாகவும் கட்டிவைத்திருக்கிறோம். நோயாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டில் சின்னக் குறிகளை ஒட்டி, கேமராவுக்கு முன்னால் கையை எல்லாப் பக்கமும் நீட்டச் சொல்வோம். அந்தக் கை எட்டுகிற இடம் அத்தனையையும் சேர்த்துத் திரையில் ஒரு பலூன் வரும். பலூன் பெரிதானால் கை தேறுகிறது. பலூனுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் வரும். அந்த நம்பரைக் கட்டிக்கொண்டுதான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.

இதில் ஒரு திருட்டு உண்டு. தோளால் முடியவில்லை என்றால் உடம்பு சும்மா இருக்காது. இடுப்பு பின்னால் சாயும், முதுகு நெளியும், தோள் காதுவரை ஏறும், கை எப்படியோ மேலே போய்விடும். வராதவன் பெயருக்கு எதிரே பக்கத்து சீட்டுக்காரன் கையெழுத்துப் போடுவான் இல்லையா, அதே வேலை. அதனால்தான் மார்புக்குப் பட்டை.

அண்ணனுக்கு ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தேன். கேமரா, அண்ணியின் செல்போன். அதை அரிசி டிரம்மின் மேல் சாய்த்துவைக்கவேண்டும். குறிகளுக்கு அண்ணியின் ஸ்டிக்கர் பொட்டு. காறையில் ஒன்று, தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, எல்லாம் சிவப்பு, பெரிய சைஸ்.

"இன்னாடா இது, என்னெ அம்மனாக்கிட்ட?" என்றார் அண்ணன்.

"கூழ் ஊத்திடலாமாண்ணா?"

"ஊத்து. துன்றதுக்குத்தான் கை இல்ல."

பட்டைக்கு என்ன செய்வது? "அண்ணி, அண்ணனோட துண்ட எடுத்து நெஞ்சச் சுத்தி நாற்காலியோட சேத்துக் கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க, சாயக் கூடாது" என்றேன். அண்ணி கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்தார். திரையில் கொஞ்ச நேரம் அவருடைய புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. பிறகு விலகினார். அண்ணன் மார்பில் வெள்ளைத் துண்டு குறுக்கே கிடந்தது.

"ஆச்சா அண்ணி?"

"ம்ம். ஆச்சி தம்பி."

துண்டு இருக்கிறதே என்ற தைரியத்தில், சாய்ந்தால் காட்டிக்கொடுக்க மார்பில் ஒரு பொட்டு ஒட்டச் சொல்லவில்லை. ஒரே ஒரு பொட்டு. பாக்கெட்டில் இன்னும் எட்டு இருந்தது.

4

இதற்கிடையில் அண்ணன் திண்டிவனத்தில் ஒரு பிசியோதெரபி இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறை. பார்த்துக்கொண்டது சங்கீதா என்கிற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அவளிடம் கேமரா இல்லை, பலூன் இல்லை. அண்ணனைச் சுவரில் முதுகு ஒட்டத் தரையில் உட்காரவைப்பாளாம். தட்டில் உரித்த மல்லாட்டை போடுவாளாம். தன் ஒரு கையால் அண்ணன் நெஞ்சை அழுத்திக்கொண்டு, "எடுத்து வாயில போடுங்கப்பா" என்பாளாம். கை எட்டிய சட்டைப் பட்டனைக் கழுத்திலிருந்து எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வாளாம், இன்றைக்கு நாலாவது பட்டன், இன்றைக்கு மூணாவது என்று.

எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத் தாங்கவில்லை. "மல்லாட்ட துன்ன வெக்கிறதுக்குப் பேரு ட்ரீட்மென்ட்டா? சரக்கு வாங்கிக் குடுத்தாங்கன்னா முழு செட்டாயிடும்ணா" என்றேன். அண்ணனும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஊரிலிருந்து பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, தண்ணீர் தேங்கிய தெருவில் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வாரத்துக்கு நாலு நாள் போய்வரவேண்டும். ஒரு நாள் பஸ் படியில் வழுக்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே நான் பதறிப்போய், அடுப்பில் வைத்த பாலை மறந்து, புகை எச்சரிக்கை மணி அடித்து, கீழ்வீட்டுக் கிழவர் உள்ளாடையோடு வெளியே ஓடிவரும்வரை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அந்த வாரம்தான் என் நம்பர் முதல் தடவையாக நன்றாக ஏறியிருந்தது.

"எதுக்குண்ணா இந்த மழைல அலைச்சல்? நம்பர் ஏறுது. நான் சொல்ற எக்சர்சைஸ வூட்லயே பண்ணு. நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பொண்ணு நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிச்சிடா."

"அண்ணா. அது மல்லாட்ட. இது சயின்ஸு."

இதை நான் சொன்னேன். இதே வார்த்தைகளில். எழுதும்போது விரல் கூசுகிறது, எழுதிவிடுகிறேன்.

திண்டிவனம் போவது நின்றது. ஐந்து மாதம், ஞாயிறு தவறாமல், அரிசி டிரம்மின் மேலிருந்து வீடியோ வந்தது. நம்பர் ஏறியது. பலூன் எலுமிச்சம்பழத்திலிருந்து சாத்துக்குடியாகி, சாத்துக்குடியிலிருந்து தேங்காயானது. அலுவலகக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைப் போட்டுக் காட்டினேன். ஒரு செல்போன், நான்கு பொட்டு, ஒரு துண்டு, எட்டாயிரம் கிலோமீட்டர். கைதட்டினார்கள். இங்கே மேஜையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல்.

என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. அவளுக்குத் தமிழ் இப்போது பழைய கவுன் மாதிரி. பிடிக்கும், ஆனால் பற்றாது. வீடியோ முடிகிற நேரத்தில் எட்டிப்பார்த்து, அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வரும் ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்பாள்: "பெரிப்பா, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் கண்ணு" என்பார் அண்ணன்.

ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே பதில். அவர் மெலிந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். பயிற்சி செய்கிறார், உடம்பு கட்டாகிறது என்று அதையும் ஒரு குறிப்பாக எழுதிவைத்தேன்.

5

பங்குனியில் குடியிருப்பு அட்டை வந்தது. அட்டை வந்த நாலாம் நாள் நான் ஊரில் இருந்தேன்.

வாசலில் நின்றிருந்த அண்ணன் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கறுத்துட்டியேடா. அங்க வெயிலே இல்லன்னுவ?" என்றார். சட்டை அவர்மேல் ஹேங்கரில் தொங்குவதுபோல் இருந்தது. எனக்குள் ஏதோ ஒன்று ஒரு படி கீழே இறங்கியது. ஜோக் அடித்து அதை மேலே ஏற்றினேன்.

மத்தியானம் அண்ணி எனக்கு இலை போட்டார். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. அண்ணன் உட்காரவில்லை.

"நீ துன்னு. நான் அப்பால துன்றேன்" என்று உள்ளறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணி ஒரு தட்டை மூடி உள்ளே எடுத்துப்போய் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா அண்ணி, நான் வந்ததுல கோவமா அவருக்கு?"

"அதெல்லாம் இல்ல தம்பி. நீங்க துன்னுங்க."

நான் மேற்கொண்டு துன்னவில்லை. எச்சில் கையோடு எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். அண்ணி, "தம்பி, வேணாம்" என்றது பின்னால் கேட்டது.

அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்டூலில் தட்டு. இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி, யாரோ எதையோ போடுவார்கள் என்று காத்திருப்பதுபோல. நான் வந்தது தெரிந்ததும் இடது கை தட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பவில்லை.

"கதவ சாத்துடா" என்றார்.

அண்ணி பிறகு சொன்னார். ஆடியிலிருந்தே இப்படித்தான். எல்லாவற்றுக்கும் மிச்சமிருப்பது அந்த ஒரே கை. காலையில் கழுவிக்கொள்ளவும் அதுதான், சாப்பிடவும் அதுதான். அவருக்கு அது ஒத்துவரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்து, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தால்தான் தட்டைத் தொடுவார். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேளை. "நான் ஊட்டிவுட்றேன்னா, நான் இன்னா கொயந்தயான்னு தட்ட தள்ளிவுட்டுடறாரு தம்பி."

ஒரு வேளை. எட்டு மாதமாக. ஒவ்வொரு ஞாயிறும் என் மகள் கேட்டாள், அவர் சாப்பிட்டேன் கண்ணு என்றார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கை எங்கே எட்டவேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அலமாரியின் மேல்தட்டு, காரின் பெல்ட், தலைவாரும் இடம், கதவுப் பிடி. அண்ணன் போனில் சொன்ன இடம் ஒன்றே ஒன்று, அவருடைய வாய். அதை நான் அளக்கவே இல்லை. பலூன் வளர்ந்ததில் அதுவும் உள்ளே வந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

6

சாயங்காலம் நானே அளப்பது என்று உட்கார்ந்தேன். நம்பர் பொய் சொல்லாது, களைப்பாக இருந்திருப்பார், வெட்கமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே டிரம், நான்கு பொட்டு. கொடியிலிருந்து துண்டை உருவி அண்ணன் மார்பில் சுற்றி, நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடப் போனேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். அண்ணி என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம் தம்பி. முடிச்சு போடாதீங்க."

"எப்பவும் போடறதுதான அண்ணி?"

"போடல."

"வீடியோல இருந்திச்சே!"

"மேல போத்தி, ரெண்டு முனையும் பின்னால சொருவி வுட்டேன். கட்டல."

"ஏன் அண்ணி?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"மாமாவ அப்படித்தான் கட்டி வெச்சாங்க" என்றார் அண்ணி. "இதே வாசல்ல. வெள்ளத் துண்டு. உசுரோட இருக்கறவர நான் எப்படி தம்பி கட்டுவேன்? இறுக்கிக் கட்டுங்க, சாயக் கூடாதுன்னு சொன்னீங்க. அன்னிக்கும் அதேதான சொன்னீங்க போன்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் போனால் படுக்கவைப்பதில்லை. குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்கத் துண்டால் மார்போடு சேர்த்து நாற்காலியில் கட்டுவார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவை அப்படித்தான் உட்காரவைத்தார்கள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பங்காளி ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் இங்கே ஆய்வுக்கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா இடது பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. செத்துப்போனது தாங்கிற்று, சரிவது தாங்கவில்லை. "இறுக்கிக் கட்டுங்க! சாயக் கூடாது! இன்னும் ஒரு சுத்து!" என்று போனுக்குள் கத்தினேன். என் ஒப்பாரி அவ்வளவுதான். இஞ்சினியரின் ஒப்பாரி.

அதை நான் மறந்துவிட்டேன். அண்ணி மறக்கவில்லை.

நான் துண்டை மடித்துக் கொடியில் போட்டேன். அண்ணனைத் தரையில், சுவரோடு முதுகு ஒட்ட உட்காரவைத்தேன். என் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"தூக்குண்ணா."

அவர் தூக்கினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என் கைக்குக் கீழே அவர் நெஞ்சு பின்னால் போகப் பார்த்து, சுவர் தடுத்து நின்றது. வலது கை மடியை விட்டு எழுந்து, சட்டையின் கடைசிப் பட்டன்வரை வந்து, நடுங்கி, விழுந்தது.

தேங்காய் சைஸ் பலூன் முழுக்க இடுப்பு. ஐந்து மாதமும் நான் அண்ணனின் இடுப்பை அளந்துகொண்டிருந்தேன்.

"ஏண்ணா சொல்லல? கை வரலன்னு உனுக்குத் தெரியாதா?"

"எனுக்கு வரலன்னுதான் தோணிச்சு" என்றார் அண்ணன். "நீ நம்பர் ஏறுதுன்ன. ஒவ்வொரு வாரமும் ஏறுதுன்ன. நீ படிச்சவன், அங்க மிஷின்லாம் வெச்சிக்கினு பாக்கற. என் கைய பத்தி எனுக்கு இன்னாடா தெரியும்?"

நான் எழுந்து போய் டிரம்மின் மேலிருந்த போனை எடுத்து அணைத்தேன்.

7

மறுநாள் காலை திண்டிவனம். மாடிப்படிக்குக் கீழே அந்த அறை. சங்கீதா என்னைத் திட்டுவாள் என்று பஸ் முழுக்கப் பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவள் திட்டவில்லை. அண்ணன் தோளைத் தொட்டு, கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் "யப்பா" என்று பல்லைக் கடித்தார். அவள் பழைய நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டினாள்.

"ஐப்பசியில கடைசியா வந்தப்ப கழுத்துப் பட்டன் சார். அன்னிக்கு ஒரு மல்லாட்ட தாவாங்கட்டையில பட்டு விழுந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம்."

கழுத்துப் பட்டன். அதற்கு மேல் வாய்தான்.

"இப்ப தோள் இறுகிடுச்சு. பின்னால சாய்ஞ்சி வீசி வீசி ஒரு தப்பான பழக்கமும் ஆயிடுச்சு. மொதல்ல அத மறக்க வெக்கணும்."

"திரும்பவும் கழுத்துப் பட்டன் வருமா மேடம்?" என்றேன்.

"பாக்கலாம் சார்" என்றாள். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதே வாரம் விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான முகாம். காலை எட்டு மணிக்கு டோக்கன், ஆதார், நாலு போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு ஒரு வரிசை. மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் அண்ணனைப் பார்த்து, "கையத் தூக்குங்க பெரியவரே" என்றார்.

ஐந்து மாதப் பயிற்சி வீணாகுமா? அண்ணன் பின்னால் சாய்ந்து, தோளைக் காதுக்கு ஏற்றி, கையை ஒரு வீசு வீசினார். அருமையாகத் தூக்கினார்.

"பரவால்லியே" என்று டாக்டர் எழுதப் போனார்.

"சார்! அது கை இல்ல சார், இடுப்பு சார்!" என்று நான் பாய்ந்தேன்.

"நீங்க யாரு?"

"தம்பி சார். வெளிநாட்ல இதேதான் சார் வேல."

"அப்ப நீங்க சொல்லிக் குடுத்ததா இது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சும்மா கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஆமா சார்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, அண்ணன் நெஞ்சில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இப்ப தூக்குங்க" என்றார். கை எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சான்றிதழில் உள்ளது உள்ளபடி வந்தது.

8

இங்கே திரும்பி வந்து கூட்டத்தில் எழுந்து சொன்னேன், அந்த வரைபடம் தப்பு என்று. யாரும் மேஜையைத் தட்டவில்லை. உல்ரிக்கே மட்டும் ஒன்று கேட்டாள்: "கட்ட முடியாது என்று அந்தப் பெண்மணி ஏன் சொல்லவில்லை?" விளக்கப் பார்த்தேன். இறந்தவரை உட்காரவைப்பீர்களா என்று அங்கேயே நின்றுவிட்டார்கள், அதற்கு மேல் அவர்களை நகர்த்த முடியவில்லை. பிழை அறிக்கைப் படிவம் கொடுத்தார்கள். மார்புப் பட்டை பயன்படுத்தப்படாததற்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் கோடு. அண்ணிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். மறுநாள் திருப்பி அனுப்பினார்கள், தெளிவாக எழுதவும் என்று. 'கலாச்சாரக் காரணம்' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமை ஏன் கத்தினேன் என்று புரிகிறதா? பட்டை இறுகியபோது எனக்குத் தெரிந்தது அப்பா முகம். அடுத்த நொடி அது அண்ணன் முகம். அதற்கடுத்தது யாரென்று பார்ப்பதற்குள் எழுந்து பீரோவுக்குள் ஓடிவிட்டேன்.

அண்ணன் இப்போது வாரத்துக்கு நாலு நாள் திண்டிவனம் போகிறார், ஆட்டோவில். ஞாயிற்றுக்கிழமை வீடியோ மட்டும் நிற்கவில்லை. ஆனால் டிரம் இல்லை, பொட்டு இல்லை, துண்டு இல்லை. சுவரோரம் உட்காருகிறார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் நெஞ்சை அழுத்திக்கொள்கிறார், இன்னொரு கையால் போனைப் பிடித்துக்கொள்கிறார். தட்டில் ஐந்து மல்லாட்டை. நான் எதையும் அளப்பதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, கை பரபரக்கிறது.

நாலு மாதத்தில் கடைசிப் பட்டனிலிருந்து மூணாவது பட்டனுக்கு வந்திருக்கிறது. எங்கள் கணக்கில் இந்த வித்தியாசம் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

நேற்றைய ஞாயிறும் அப்படித்தான். விரல்கள் ஒரு பருப்பை நெடுநேரம் தேடி, கவ்வி, எழுந்தன. நாலாவது பட்டன். நின்றது. அண்ணியின் கைக்குக் கீழே நெஞ்சு ஏறி இறங்கியது. மூணாவது பட்டன். பருப்பு நடுங்கியது. அந்த நேரம் பார்த்து இனியா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் கேட்டுவிட்டாள்.

"பெரிப்பா, சாப்ட்டீங்களா?"

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. கண் பருப்பின் மேலேயே இருந்தது.

"இன்னும் இல்ல கண்ணு" என்றார். "மூணாவது பட்டனாண்ட நிக்குது. வந்துக்கினு இருக்குது."